சபுராளியின் பேரேடு

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் வழியில் உள்ள கண்டாச்சிபுரம் கடலோர ஊரன்று. நெல்லும் கரும்பும் மணிலாவும் விளைகின்ற மண் அது. அவ்வட்டாரத்து முஸ்லிம்கள் பெரும்பாலும் சிறு வாணிபமும் பயிர்த்தொழிலும் கைத்தொழிலும் செய்து வாழ்ந்தவர்கள். கப்பலேறிப் பழகியவர்கள் அல்லர். நாகூர், காரைக்கால் பக்கங்களில் வெளிநாடு சென்று பொருளீட்டுவோரைச் 'சபுராளி' என்று அழைப்பர். பயணம் என்னும் பொருள் தரும் 'சபர்' என்ற அரபுச் சொல்லே அங்கே குடும்பச் சொல்லாகிவிட்டது. நம் பக்கத்தில் அச்சொல்லே புதிது. 1973 ஆம் ஆண்டில் எண்ணெய் விலை உயர்ந்து, வளைகுடா நாடுகளில் கட்டடங்கள் எழத் தொடங்கிய பின்னரே உள்நாட்டு ஊர்களின் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகப் பயணம் புறப்பட்டனர். கூலிக்குச் சென்றவர்களுள் சிலர் அல்லாஹ்வின் அருளால் பின்னர் கடை வைத்தனர். கடை வளர்ந்து நிறுவனமாயிற்று.

வாணிபம் வளர்ந்தது, கணக்கு வளர்ந்ததா என்பதே கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் கண்டாச்சிபுரத்தை அடுத்த ஓர் ஊரில் நடந்த பஞ்சாயத்தில் அடியேனும் ஒருவனாக அமர்ந்திருந்தேன். துபாயில் மளிகைக் கடை நடத்தி வந்த ஒருவர் திடீரென மவுத்தாகிவிட்டார். கடையில் அவருடைய தம்பிக்குப் பங்குண்டு. மூன்றாவது கூட்டாளி ஒருவரும் உண்டென்று தம்பி கூறினார். மனைவியோ அப்படியொருவரைப் பற்றிக் கணவர் ஒருநாளும் சொன்னதில்லை என்றார். உரிமம் ஓர் அரபியின் பெயரில் இருந்தது. வங்கிக் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் ஆதாரமாக வந்து சேர்ந்தது நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். அதிலும் முழுப் பெயர்கள் இல்லை. 'கு. 2,500', 'பாய் 1,200', 'ஹாஜியார் மீதி' என்று இவ்வாறே பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருந்தது. கொடுத்ததா, வாங்கியதா என்று கூட அறிய இயலவில்லை. மூன்று வெள்ளிக்கிழமைகள் அஸருக்குப் பின் கூடிப் பேசினோம். இரண்டு பெண் மக்களும் ஒரு சிறுவனும் உள்ள அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. இறுதியில் சமாதானமாக ஒரு தொகையைப் பேசி முடித்தோம். அத்தொகை நீதியானதுதானா என்ற ஐயம் என் நெஞ்சை விட்டு இன்றளவும் அகன்றபாடில்லை.

மறைந்தவர் ஐவேளைத் தொழுகையாளி. ஒரு பைசாவும் பிறர் பொருளை விரும்பாதவர். ஆயினும் அவர் எழுதி வைக்கவில்லை.

எழுதும்படி வந்த கட்டளை

திருமறையின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. அது சூரத்துல் பகராவின் 282 ஆம் வசனம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. தவணை குறித்த கடன் எதுவாயினும் எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுகிறவர் நடுநிலை தவறாது எழுத வேண்டும், சாட்சிகள் இருக்க வேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலித்துக்கொள்ளலாகாது என்று அவ்வசனம் விரிவாகக் கற்பிக்கிறது. கைக்குக் கை மாறும் உடனடி வியாபாரத்துக்கு மட்டும் சலுகை தருகிறது. அதிலும் சாட்சி வைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்துகிறது. ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுத்தவர் அல்லர், கடன் பட்டவரே. தன்மீதுள்ள பொறுப்பைத் தன் வாயாலேயே, குறைக்காமல் கூறவேண்டும் என்பது அதன் கருத்து. பிறர் நமக்குத் தரவேண்டியதைக் குறித்து வைக்க யாரும் மறப்பதில்லை. நாம் பிறருக்குத் தரவேண்டியதுதான் ஏட்டில் ஏறாமல் நின்றுவிடுகிறது.

யூசுப் நபி (அலை) அவர்கள் அந்நிய நாடாகிய மிஸ்ரில், அந்நாட்டு மன்னரின் களஞ்சியங்களுக்குப் பொறுப்பேற்க முன்வந்தபோது தமக்குரிய தகுதிகளாகக் கூறியவை இரண்டு: காத்தலும் அறிதலும். அவை நல்ல கணக்கப்பிள்ளைக்குரிய இலக்கணமன்றோ?

நபித்தோழர் ஜுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாறு கடல் கடந்து கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. மதீனாவில் பதினொரு வீடுகளும், பஸராவில் இரண்டும், கூபாவில் ஒன்றும், மிஸ்ரில் ஒன்றும் அவர்களுக்கு இருந்தன. இன்றைய வழக்கில் சொன்னால் பல நாடுகளில் சொத்துடையவர். மக்கள் தங்கள் பணத்தை அவர்களிடம் அமானிதமாக வைக்க வருவர். அமானிதமாக வேண்டாம், கடனாகவே ஏற்றுக்கொள்கிறேன் என்பார்கள் அவர்கள். காரணம் நுட்பமானது. அமானிதப் பொருள் காப்பவரின் குற்றமின்றித் தொலைந்தால் அவர் ஈடுசெய்ய வேண்டியதில்லை. கடனாயின் எந்நிலையிலும் திருப்பித் தந்தாக வேண்டும். பிறர் பணம் எவ்வகையிலும் அழிந்துவிடக் கூடாதென்று அப்பொறுப்பைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார்கள்.

ஹிஜ்ரி 36 ஆம் ஆண்டு, ஜமல் போர்க்களத்துக்குச் சென்றபோது, தம் மைந்தர் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்து, தமக்கிருந்த பெருங்கவலை தம் கடனே என்று கூறி, சொத்துகளை விற்று அடைக்குமாறு ஒப்படைத்தார்கள். மைந்தர் கணக்கிட்டபோது கடன் இருபத்திரண்டு இலட்சம் திர்ஹம் எனத் தெரிந்தது. காபா என்னுமிடத்திலிருந்த நிலம் 1,70,000 திர்ஹமுக்கு வாங்கப்பட்டது. அது பதினாறு இலட்சத்துக்கு விலை போயிற்று. கடன்கள் அடைந்தன. உடனே வாரிசுகள் பாகம் பிரிக்கக் கேட்டனர். அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் இணங்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் மக்கள் திரளும் இடத்தில் நின்று, ஜுபைரிடம் கடன் கொடுத்தவர் எவரேனும் இருந்தால் வரலாமென்று அறிவித்தார்கள். அதன் பின்னரே சொத்து பாகமாயிற்று. இச்செய்தி புகாரீ ஷரீபில் உள்ளது. கடன், பின்னர் மரண சாசனம், அதன்பின் வாரிசுரிமை என்னும் வரிசையை மார்க்கம் வகுத்திருக்கிறது. அவ்வரிசையைப் பிழையாமல் நிறைவேற்ற, முதலில் கடன் இன்னதென்று தெரிய வேண்டுமே!

கடற்கரை வணிகர்களுக்கு இவ்வழக்கம் வாழையடி வாழையாக வந்தது. பினாங்கில் 1801 ஆம் ஆண்டு தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும், சிங்கப்பூரில் 1826 ஆம் ஆண்டு தோன்றிய சூலியா பள்ளிவாசலையும் எழுப்பிய தமிழ் முஸ்லிம் வணிகர்கள் நாள்வழி, பேரேடு, ஐந்தொகை ஆகியவற்றோடு வளர்ந்தவர்கள். உள்நாட்டிலிருந்து சென்ற நாமோ உடலுழைப்பால் உயர்ந்தோம். உழைப்பைக் கற்றது போல் ஏட்டை நாம் கற்கவில்லை. இன்று அரசுகளே கற்பிக்கத் தொடங்கிவிட்டன. நிறுவனக் கணக்கேடுகளைச் சிங்கப்பூரில் ஐந்து ஆண்டுகளும், மலேசியாவில் ஏழு ஆண்டுகளும், நம் நாட்டில் எட்டு ஆண்டுகளும் பாதுகாக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தின் நிறுவன வரிச் சட்டம் ஏழு ஆண்டுகள் என்கிறது.

அமீரகத்தில் உரிமம் பற்றியும் ஒரு சொல். நகரத்துக்குள் நிறுவனம் நடத்துவோர் நூற்றுக்கு 51 பங்கை உள்நாட்டவர் பெயரில் வைக்க வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. ஆதலின் பத்திரத்தில் ஒன்றும் பேச்சில் ஒன்றுமாகப் பல கடைகள் நடந்தன. 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களில் வெளிநாட்டவரே முழு உரிமையாளராக இருக்கச் சட்டம் இடமளித்துவிட்டது. அதன் பின்னும் பழைய ஏற்பாட்டை அப்படியே விட்டு வைப்பவர், தம் பிள்ளைகளின் உரிமையைப் பிறருடைய நல்லெண்ணத்தில் தொங்கவிடுகிறார்.

வரியும் வாக்குறுதியும்

வளைகுடா என்றாலே வரியில்லாத நாடு என்று நம்மவர் எண்ணிப் பழகிவிட்டனர். அக்காலம் கடந்துவிட்டது. 2018 ஜனவரி முதல் அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் நூற்றுக்கு ஐந்து வீதம் மதிப்புக் கூட்டு வரி வந்தது. சவூதியில் 2020 ஜூலையில் அது பதினைந்தாக உயர்ந்தது. ஓமனில் 2021 ஏப்ரலில் ஐந்து வீத வரி தொடங்கிற்று. அமீரகத்தில் நிறுவன வருமானத்தின் மீதும் வரி விதிக்கப்பட்டது. 2023 ஜூன் முதல் நாளிலிருந்தோ அதற்குப் பின்னரோ தொடங்கும் கணக்காண்டுகளுக்கு அது பொருந்தும். வரிக்குரிய இலாபத்தில் 3,75,000 திர்ஹம் வரை வரியில்லை. அதற்கு மேற்பட்டதற்கு நூற்றுக்கு ஒன்பது. மொத்த வரவு முப்பது இலட்சம் திர்ஹமுக்கு மிகாத சிறு நிறுவனங்கள் 2026 டிசம்பர் 31 அன்றோ அதற்கு முன்போ முடியும் கணக்காண்டுகள் வரை சலுகை கேட்கலாம் என்றும் விதித்தனர். ஆனால் சலுகை கேட்பவரும் பதிவு செய்தாக வேண்டும். கணக்கும் தாக்கல் செய்தாக வேண்டும். வரி இல்லை என்பதும் பதிவு வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. இதை அறியாமல் பதிவுக்குத் தாமதித்தவர்களுக்குப் பத்தாயிரம் திர்ஹம் தண்டம் விதிக்கும் விதி உண்டு.

மதிப்புக் கூட்டு வரியில் மார்க்கம் சம்பந்தப்பட்ட ஒரு கூறு உளது. நூறு திர்ஹம் பெறுமான பொருளை 105 திர்ஹமுக்கு விற்கிறோம். அந்த ஐந்து திர்ஹம் நம் விலையன்று, இலாபமுமன்று. வாங்கியவர் அரசுக்குச் செலுத்துவதற்காக நம் கையில் தந்தது. கல்லாப் பெட்டியில் நம் பணத்தோடு கலந்து கிடந்தாலும் அது அமானிதமே. மூன்று மாதத்துக்கொருமுறை செலுத்த வேண்டிய நாள் வரும்போது, அப்பணம் புதுச் சரக்காக மாறியிருக்கும், கையில் இருக்காது. பிறகு கணக்கைக் குறைத்துக் காட்டத் தோன்றும். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டிக்கத் திருமறையில் ஒரு சூராவே இறங்கியிருக்கிறது. வரிப்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைப்பவருக்கு அச்சோதனையே நேர்வதில்லை.

வரி வாங்குவோரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்களே, அதைச் செலுத்தாமல் தப்புவதில் தவறென்ன என்று வாதிப்பவர் உண்டு. அக்கண்டனம் அநியாயமாக வழிமறித்துப் பறிக்கும் சுங்கத்தைப் பற்றியது என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர். பொதுக் கருவூலம் போதாதபோது, பொதுத்தேவைக்காக ஆட்சியாளர் நியாயமான வரி விதிக்கலாமென்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்), இமாம் ஷாதிபி (ரஹ்) போன்ற பெரியோர் ஏற்றிருக்கின்றனர். அதுவுமன்றி, ஒரு நாட்டின் அனுமதிச் சீட்டைப் பெற்று உள்ளே செல்பவர் அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு நடப்பதாக வாக்களித்தே செல்கிறார். ஒப்பந்தங்களை நிறைவேற்றுக என்று சூரத்துல் மாயிதா தொடங்குகிறது. ஆட்சி முஸ்லிம்களுடையதாயினும் பிறருடையதாயினும் வாக்கு வாக்கே. வரியைச் சட்டப்படி குறைத்துக்கொள்ள வழியிருந்தால் குறைத்துக்கொள்ளலாம். பொய்க் கணக்குக் காட்டுவது வேறு.

ஒரே பொருளுக்கு இரு முறை வரி கட்ட நேர்வது வெளிநாட்டு வணிகர் அனைவருக்கும் உள்ள குறை. அது இன்றைய குறையன்று. அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், முஸ்லிம் வணிகர்களிடம் அந்நிய நாட்டார் பத்தில் ஒரு பங்கு வாங்குகிறார்கள் என்று அபூ மூஸல் அஷ்அரி (ரலி) அவர்கள் எழுதியபோது, அந்நாட்டு வணிகரிடமும் அவ்வாறே வாங்குக என்று கலீபா அவர்கள் ஆணையிட்டார்கள். ஆட்சிக்குட்பட்ட பிற சமயத்தவரிடம் இருபதில் ஒன்று. முஸ்லிம்களிடம் நாற்பதில் ஒன்று. வரி வாங்க நியமிக்கப்பட்ட ஜியாத் இப்னு ஹுதைர் அவர்களிடம் தக்லிப் குலத்துக் கிறிஸ்தவர் ஒருவர் குதிரையோடு வந்தார். குதிரை இருபதினாயிரம் திர்ஹம் என மதிக்கப்பட்டு, ஆயிரம் திர்ஹம் வரி செலுத்தினார். அவ்வாண்டே திரும்பி வரும்போது மீண்டும் ஆயிரம் கேட்கப்பட்டது. அவர் மக்காவுக்குச் சென்று கலீபாவிடம் முறையிட்டார். உன் குறை தீர்ந்தது என்னும் கருத்தில் ஒரே சொல்லை மட்டும் உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள். அதை நம்பிக்கையூட்டும் விடையாகக் கருதாத அம்மனிதர், இன்னும் ஓர் ஆயிரம் கொடுப்பதென மனத்தைத் தேற்றிக்கொண்டு திரும்பினார். ஆனால் அவருக்கு முன்னரே கலீபாவின் கடிதம் வந்து சேர்ந்திருந்தது: ஓராண்டில் ஒரு முறைக்கு மேல் வாங்கலாகாது! இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்கள் தமது கிதாபுல் கராஜில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இக்காலத்தில் அக்குறையைத் தீர்க்க நாடுகள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. இந்தியாவும் அமீரகமும் 1992 ஆம் ஆண்டு இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. சிங்கப்பூர், மலேசியா, சவூதி அரேபியா ஆகிய நாடுகளோடும் இத்தகைய உடன்படிக்கைகள் உள்ளன. அங்கே வரி செலுத்தியிருந்தால் அதற்குரிய சான்றைக் காட்டி இங்கே கழித்துக்கொள்ளலாம். சான்று வேண்டும், அதற்கு மீண்டும் கணக்கே வேண்டும்.

காப்பீடு குறித்து

காப்பீடு என்றதும் நம் இல்லங்களில் இருவகைப் பேச்சு எழும். ஹராம் என்று ஒதுக்குவோர் ஒருபுறம். காலத்துக்கேற்றது என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்போர் மற்றொருபுறம். உலமாக்கள் இவ்வளவு எளிதாகப் பேசவில்லை. 1836 இல் மறைந்த திமிஷ்க் நகரத்து இமாம் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், கப்பல் வணிகர்கள் அந்நியரிடம் ஒரு தொகை செலுத்தி, சரக்கு மூழ்கினால் ஈடு பெறும் புதுவழக்கத்தை ஆராய்ந்து, அதனை ஏற்க மறுத்தார்கள். ஆயினும் ஒப்பந்தம் எந்த நாட்டில், யார் யாருக்கிடையே நடந்தது என்று பிரித்துப் பார்த்தே தீர்ப்புரைத்தார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் பிக்ஹு அகாதெமி, இலாப நோக்கில் நடக்கும் வணிகக் காப்பீட்டில் நிச்சயமின்மை மிகுந்திருப்பதால் அது கூடாதென்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறை கூடுமென்றும் முடிவு செய்தது.

அக்கூட்டுறவு முறையே தகாஃபுல். பங்கேற்போர் செலுத்தும் தொகை விலையன்று, நன்கொடை. ஒருவருக்கு இழப்பு நேர்ந்தால் அப்பொது நிதியிலிருந்து ஈடு தரப்படும். நிதியை வட்டியில் ஈடுபடுத்தலாகாது. நடத்தும் நிறுவனம் தன் உழைப்புக்குரிய கட்டணத்தையோ இலாபப் பங்கையோ பெறும். மிச்சம் ஏற்பாட்டின்படி பங்கேற்றோரைச் சேரும். ஒருவனால் தவறுதலாக உயிரிழப்பு நேர்ந்தால் அவனுடைய குலத்தார் கூடி ஈட்டுத்தொகை செலுத்தும் 'ஆகிலா' வழக்கத்தின் வளர்ச்சி என்றே இதனைக் கூறலாம். 1979 இல் சூடானிலும் துபாயிலும் இத்தகைய நிறுவனங்கள் தோன்றின. மலேசியா 1984 இல் தனிச்சட்டமே இயற்றியது. ஆதலின் அந்நாடுகளில் கடை நடத்துவோருக்கு வழியில்லை என்று சொல்ல வாய்ப்பில்லை. கடைக்கும் சரக்குக்கும் வண்டிக்கும் தகாஃபுல் கிடைக்குமாயின் அதனையே நாடுவது பேணுதல். சட்டம் கட்டாயமாக்கிய காப்பீட்டுக்கு மாற்று கிடையாத இடத்தில், நிர்ப்பந்தத்தின் அளவுக்கு ஏற்றுக்கொள்ளலாமென்று ஆலிம்கள் பலர் கூறுவர்.

தொழிலாளர் விஷயத்தில் இது விருப்பத்துக்குரியதே அன்று. துபாயில் 2013 ஆம் ஆண்டின் 11 ஆம் எண் சட்டப்படி வேலைக்காரரின் மருத்துவக் காப்பீட்டுச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும். அவருடைய சம்பளத்தில் பிடித்தல் கூடாது. பணி முடிந்து செல்வோருக்குரிய பணிக்கொடையும் அவ்வாறே. ஓராண்டுக்கு மேல் பணியாற்றியவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள் சம்பளமும் தரவேண்டும். மாதம் 1,500 திர்ஹம் அடிப்படைச் சம்பளத்தில் எட்டு ஆண்டுகள் உழைத்தவருக்கு, நாளொன்றுக்கு 50 திர்ஹமாக, முதல் ஐந்தாண்டுக்கு 5,250. அடுத்த மூன்றாண்டுக்கு 4,500. ஆக 9,750 திர்ஹம். பத்துப் பேர் இருக்கும் கடையில் இது எவ்வளவு பெரிய கடன்! ஆண்டுதோறும் இதனை ஏட்டில் கடனாக எழுதி வராதவர், கையில் இருப்பதெல்லாம் தம்முடையது என்றெண்ணி ஊரில் வீடு கட்டிவிடுகிறார். பிறகு ஊர் திரும்பும் ஏழைத் தொழிலாளியிடம் தவணை சொல்கிறார். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

ஜகாத்தின் ஐந்தொகை

வரி செலுத்திவிட்டேன், ஜகாத் நீங்கியது என்று எண்ணுவது பிழை. ஜகாத் வணக்கம், நிய்யத் வேண்டும், அதைப் பெறுவோர் எட்டு வகையினர் எனத் திருமறை வரையறுத்துவிட்டது. அரசுக் கருவூலம் அவ்வெட்டில் ஒன்றன்று. மலேசியாவில் மட்டும் அழகிய ஏற்பாடு ஒன்று உண்டு. அங்கே அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத் தனிமனிதர் செலுத்தும் ஜகாத், அவர் கட்டவேண்டிய வருமான வரியிலேயே கழிக்கப்படுகிறது. நிறுவனத்துக்கு அவ்வளவு தாராளமில்லை. வருமானத்தில் நூற்றுக்கு இரண்டரை வரை செலவாகக் கழித்துக்கொள்ளலாம்.

கடையின் ஜகாத்தைக் கணக்கிடும் முறையை ஓர் உதாரணத்தால் காண்போம். ஆண்டு நிறைவு நாளில் விற்பனைக்குள்ள சரக்கு அன்றைய விலைப்படி 2,00,000 திர்ஹம். ரொக்கம் 64,000, அதில் 4,000 செலுத்த வேண்டிய விற்பனை வரி, ஆகவே நம்முடையது 60,000. வெளியே வரவேண்டியது 50,000, அதில் 10,000 வராது என்று கைவிடப்பட்டது, மீதி 40,000. மொத்தம் 3,00,000. அலமாரி, தராசு, வண்டி, குளிர்பெட்டி ஆகியவை தொழிற்கருவிகள். இவற்றுக்கு ஜகாத் இல்லை. மொத்த வியாபாரிக்குத் தரவேண்டியது 90,000. சம்பள பாக்கி 10,000. ஹனபி மத்ஹபின்படி இக்கடன்களைக் கழித்தால் 2,00,000. ஜகாத் 5,000 திர்ஹம். ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி கடன் ஜகாத்தைக் குறைக்காது. எனவே 3,00,000 க்கும் 7,500 திர்ஹம்.

நம் கண்டாச்சிபுரம் போன்ற உள்நாட்டு ஊர்களில் ஹனபிகள் மிகுதி; கடற்கரையில் ஷாபிஈகள் மிகுதி. வெளிநாட்டில் இருவரும் ஒரே கடையில் கூட்டாளிகளாவது சகஜம். ஹனபி முறையில் ஒவ்வொருவரின் பங்கும் தனித்தனியே நிஸாபை எட்ட வேண்டும். ஷாபிஈ முறையில் கலந்துவிட்ட கூட்டுப் பொருளை ஒன்றாகக் கருத இடமுண்டு. ஆகவே, கடை சார்பில் ஒட்டுமொத்தமாகக் கொடுத்துவிடுவதா, அவரவர் பங்குக்கு அவரவர் கொடுப்பதா என்பதைத் தொடக்கத்திலேயே பேசி, ஓர் ஆலிமைக் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது. நிஸாப் 87.48 கிராம் தங்கம் அல்லது 612.36 கிராம் வெள்ளி என்பது நம் பக்கத்து ஆலிம்கள் பலர் சொல்லும் கணக்கு. ஆங்கில ஆண்டின் கணக்கை அப்படியே ஜகாத்துக்கும் வைத்துக்கொள்வோர் மற்றொன்றை நினைவிற்கொள்ள வேண்டும். சந்திர ஆண்டு ஏறக்குறைய பதினொரு நாள் குறைவு. முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஓராண்டு ஜகாத்தே தவறிப்போகும். ஆங்கில ஆண்டைக் கொள்வதானால் நூற்றுக்கு 2.5 என்பதற்குப் பதில் 2.577 எனக் கணக்கிட வேண்டும்.

ஊர் திரும்பும்போது

நம்மவர் பெரிதும் இடறுவது இங்கேதான். ஓராண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் தங்கியவர் வருமான வரிச் சட்டத்தில் உள்நாட்டவர் ஆவார். இங்கே பதினைந்து இலட்சம் ரூபாய்க்கு மேல் வருமானமுடையவர் விடுமுறைக்கு வந்தால் 120 நாளிலேயே சிக்கல் தொடங்கும். முழு உள்நாட்டவராகிவிட்டவர், வெளிநாட்டு வங்கிக் கணக்கையும் கடைப் பங்கையும் கட்டடத்தையும் ஆண்டுக் கணக்கில் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால் 2015 ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி பத்து இலட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். 2024 அக்டோபர் முதல் இருபது இலட்சம் ரூபாய்க்கு மிகாத அசையும் சொத்துகளுக்கு அவ்வபராதத்தில் விலக்குத் தந்தனர். வீடு, நிலத்துக்கு அவ்விலக்கு இல்லை. 1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வருமாறு 2025 ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. பழைய பிரிவு எண்களை மனப்பாடம் செய்தவர் புதிதாகப் பார்த்துக்கொள்வது நலம்.

வெளிநாட்டில் வாழ்ந்த காலத்தில் சம்பாதித்த சொத்தை ஊர் திரும்பிய பின்னும் அங்கேயே வைத்துக்கொள்ள 1999 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. வைத்திருப்பது குற்றமில்லை, மறைப்பதே குற்றம். நேர்மையாக உழைத்துச் சேர்த்ததை அச்சத்தால் மைத்துனர் பெயரிலும் நண்பர் பெயரிலும் எழுதி வைத்து, பின்னர் அதுவே அவருடையதாகிவிடக் கண்ணீர் வடிப்போர் எத்தனை பேர்! இல்லத்துப் பெண்மணிகளுக்கு ஒரு வேண்டுகோள். கணவர் விடுமுறையில் வரும்போது பெட்டியில் என்ன வந்தது என்று மட்டும் பார்க்க வேண்டாம். கூட்டாளிகள் யார், எவருக்கு எவ்வளவு தரவேண்டும், உரிமம் எவர் பெயரில், காப்பீட்டுப் பத்திரம் எங்கே, இவ்வாண்டு ஜகாத் எவ்வளவு என்று கேட்டு ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகப்படுவதாக அவர் எண்ணினால், சூரத்துல் பகராவின் அவ்வசனத்தை ஓதிக் காட்டுங்கள்.

அந்த நீல அட்டை நோட்டு என் நினைவை விட்டு நீங்கவில்லை. பஞ்சாயத்து முடிந்த பிறகும் அதிலிருந்த பெயர்களுள் பெரும்பாலானவற்றைத் தம்பி ஒருவாறு அடையாளம் கண்டு, துபாய்க்குச் சென்று ஒவ்வொருவராகத் தேடிக் கொடுத்துவிட்டார். ஒன்று மட்டும் எஞ்சியது. 'கு. 2,500' யார் என்று தெரியவில்லை. அந்த அம்மையார் அத்தொகையைத் தம் பங்கிலிருந்து தனியே எடுத்து வைத்தார். கடைக்கு வந்து போனவர்களிடமும், ஊருக்கு விடுமுறையில் வருகிறவர்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். சென்ற ரமளானில் பார்த்தபோதும், யாரும் வரவில்லை, பணம் அப்படியே இருக்கிறது என்றார்.